ஒரே அறை, இரண்டு விலை

அமெரிக்காவின் பழைய ஓரறைப் பள்ளி என்றதும் பலரும் நெப்ராஸ்கா போன்ற புல்வெளி மாநிலங்களைத்தான் காட்டுவார்கள். பியாட்ரிஸ் ஊருக்கு அருகே 1872-இல் செங்கல்லால் எழுப்பிய ஃப்ரீமன் பள்ளியில் 1967 வரை வகுப்பு நடந்தது. இன்று அதைத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. டென்னசி மாநிலத்தின் கேரோ ஊரில் 1922-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கட்டிய ரோசன்வால்ட் பள்ளியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர்; பெரியவர் சிறியவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். பணம் வந்த வழிதான் வேறு. நெப்ராஸ்காவில் ஒவ்வொரு நிலவட்டத்திலும் (township) 640 ஏக்கர் கொண்ட இரண்டு துண்டுகள் பள்ளிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன, வரியும் சேர்ந்தது. டென்னசி உள்ளிட்ட தெற்கு மாநிலங்களிலோ கறுப்பினத்தவரின் வரிப்பணம் பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்கே போயிற்று. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் கேட்டதால் தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் உதவ முன்வந்தார்; ஆனால் ஊராரும் தங்கள் பங்கைத் தர வேண்டும். வரி கட்டியவர்களே மறுபடியும் காசு, மரம், நிலம், கூலியில்லா உழைப்பு என்று கொடுத்தார்கள். 1932 வரை எழுந்த 5,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு ரோசன்வால்ட் நிதியைவிட அந்த எளிய மக்கள் தந்த தொகையே அதிகம்.

கட்டட நுட்பத்தில் ரோசன்வால்ட் பள்ளி ஒரு படி மேல். மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால், கிழக்கு அல்லது மேற்கு வெளிச்சம் விழும்படி உயரமான ஜன்னல்களை வரிசையாக அடுக்கினார்கள். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, வெளிச்சம் பிள்ளைகளின் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது வரைபட விதி.

இன்னொரு வேறுபாடு, பெற்றோருக்கும் ஊராருக்கும் இருந்த உரிமை. ஃப்ரீமன் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்ததை எதிர்த்து அப்பகுதியைச் சேர்ந்த டேனியல் ஃப்ரீமன் வழக்குத் தொடுத்தார். 1902-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் தெற்கின் பெரும்பகுதியில் கறுப்பினப் பெற்றோருக்கு வாக்குரிமையே பறிபோயிருந்தது.

2002-இல், அழியும் நிலையிலுள்ள வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ரோசன்வால்ட் பள்ளிகள் சேர்ந்தன. ஃப்ரீமன் பள்ளிக்குக் கிடைக்கும் அரசுப் பராமரிப்பு இவற்றுக்கும் கிடைக்க வேண்டும். இரண்டு முறை விலை கொடுத்தவர்களின் பள்ளிகள் இவை.