ஏட்டின் முதல் வரி

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கணக்கு நோட்டில் பக்கம் முடிந்தால் கூட்டுத்தொகையை அடியில் போட்டு 'ஆ ரிப்போர்த்தே' என்று எழுதுவோம். அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை 'ரிப்போர்' என்று ஏறும். அரசு வேலைக்கு வந்தபோது அதன் பெயர் முன் இருப்பு.

ஒருமுறை முன் இருப்பைச் சேர்த்ததை மறந்து மறுபடியும் சேர்த்துவிட்டேன். ஒரு விதவை அம்மாளின் பென்ஷன் நிலுவை கூடுதலாக வந்து, தணிக்கையில் நின்றது. அவர் மூன்று மாதம் அலைந்தார்.

சென்ற ஆண்டு பேரன் எனக்குப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொடுத்தான். அங்கேயும் இதே முன் இருப்புச் சிக்கல்! அதன் வரலாறு சுவையானது.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையத்தில் 1980களில் ஏ.பி.சி. என்றொரு மொழி உருவானது. அதில் பொது மாறிகளின் மதிப்பு வேலையை முடித்து எழுந்து போனாலும் அழியாது. மறுநாள் அப்படியே இருக்கும். எப்போதும் 'ரிப்போர்' தான். அதில் பணியாற்றிய குய்டோ வான் ரோசம் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், பைத்தானைத் தொடங்கி 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். மாட்யூல் என்ற ஏற்பாட்டை மாடுலா-3 மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மாட்யூல் என்பது பெரும்பாலும் ஒரு கோப்பு. அதை முதல் முறை இம்போர்ட் செய்யும்போது வரிகள் மேலிருந்து கீழாக நடக்கும். 'மொத்தம் = 0' என்ற வரி வரும்போதுதான் அந்த மாறி பிறக்கிறது. அதே ஓட்டத்தில் மறுபடி இம்போர்ட் செய்தால் வரிகள் நடக்காது. பதிவேட்டில் உள்ள பழைய மாட்யூலே கைக்கு வரும். ஓட்டம் முடிந்தால் எல்லாம் அழியும். அடுத்த ஓட்டம் பூஜ்யத்தில் தொடங்கும்.

இது தெரியாமல் இரண்டு பேரின் பென்ஷனைக் கூட்டினேன். இரண்டாமவருக்கும் இம்போர்ட் போட்டால் பூஜ்யமாகும் என்று நினைத்தேன். முதலாமவரின் தொகையும் சேர்ந்துகொண்டது!

"தாத்தா, ரெண்டாவது இம்போர்ட் ஏட்டைப் புதுசா தொடங்காது. பூஜ்யத்தை நீங்கதான் போடணும்" என்றான் பேரன்.

அதற்கொரு ஃபங்ஷன் எழுதினேன். அதற்குள் 'குளோபல் மொத்தம்' என்று முதலில் சொல்லாவிட்டால், ஃபங்ஷன் தனக்கென்று வேறொரு மொத்தம் வைத்துக்கொண்டு அதைத்தான் பூஜ்யமாக்கும். பழையது அப்படியே இருக்கும்.

ஏ.பி.சி.யின் வழியும் தவறல்ல, பைத்தானின் வழியும் தவறல்ல. முதல் வரியை யார், எப்போது எழுதினார் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று நான் ஏட்டின் தலையை ஒருமுறை பார்த்திருந்தால், அந்த அம்மாள் அலைந்திருக்க வேண்டாம்.