ஜமால் முசியாலா

ஜமால் முசியாலா (பிறப்பு: 26 பெப்ரவரி 2003, ஸ்டுட்கார்ட்) ஜேர்மனியின் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர். பேயர்ன் மியூனிக் கழகத்துக்கும் ஜேர்மன் தேசிய அணிக்கும் தாக்குதல் மத்தியகள வீரராக ஆடுபவர். ஜேர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் ஆட்டம் பழகியவர். இரு நாடுகளின் இளையோர் அணிகளின் சீருடையையும் அணிந்தவர். பதினேழு வயதில் பேயர்ன் மியூனிக்கின் முதல் அணியில் இடம்பிடித்த இவர், 2024 யூரோ கிண்ணத் தொடரில் அதிக கோல் பெற்றோர் வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இவருடைய ஆட்ட வாழ்வைத் தீர்மானித்தவை மூன்று முடிவுகள்: 2010 இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது, 2019 இல் ஜேர்மனிக்குத் திரும்பியது, 2021 இல் எந்த நாட்டுக்கு ஆடுவது எனத் தெரிவு செய்தது.

இளமைக்காலம்

முசியாலாவின் தாய் ஜேர்மனியர். தந்தை நைஜீரிய வம்சாவளியைச் சேர்ந்த பிரித்தானியர். ஸ்டுட்கார்ட்டில் பிறந்தாலும் குழந்தைப் பருவத்தைக் கழித்தது ஹெஸ்ஸன் மாநிலத்திலுள்ள ஃபுல்டா நகரில். அங்கு லேனர்ஸ் என்ற சிறு கழகத்தின் சிறுவர் அணியில்தான் முதன்முதலாகப் பந்தாடினார். 2010 இல், இவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, தாயின் பல்கலைக்கழகப் படிப்பின் பொருட்டுக் குடும்பம் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகருக்குச் சென்றது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குப் புதிய ஊரில் பழக்கமானதாக இருந்தது பந்து ஒன்றுதான். சவுதாம்ப்டன் கழகத்தில் சிறிதுகாலம் பயிற்சி பெற்றபின், 2011 இல் லண்டனின் செல்சி கழகம் இவரைத் தன் இளையோர் அக்கடமியில் சேர்த்துக்கொண்டது.

செல்சியில் எட்டு ஆண்டுகள் இருந்தார். விளையாட்டுக்குப் பெயர்போன குரொய்டனின் விட்கிஃப்ட் பாடசாலையில் கல்வி, மாலையில் அக்கடமிப் பயிற்சி என்று நாட்கள் கழிந்தன. இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஜூட் பெல்லிங்ஹாம் இவருடைய சக வீரரும் நெருங்கிய நண்பருமாக இருந்தார்.

ஜேர்மனிக்குத் திரும்பல்

2019 ஜூலையில், பதினாறு வயதில், செல்சியை விட்டுப் பேயர்ன் மியூனிக்கின் இளையோர் பிரிவில் இணைந்தார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகவிருந்ததும் குடும்பம் நாடு திரும்பியதற்கான காரணங்களில் ஒன்று. அந்தப் பருவகாலத்தில் பேயர்னின் இரண்டாம் அணி ஜேர்மனியின் மூன்றாம் பிரிவு லீக்கில் சம்பியனானது. அதன் கடைசி வாரங்களில் முசியாலாவும் அந்த அணிக்காக ஆடினார்.

கொரோனாத் தொற்றினால் பார்வையாளர்கள் இன்றி வெற்று அரங்குகளில் போட்டிகள் நடந்த காலம் அது. 20 ஜூன் 2020 இல் ஃபிரைபேர்க் அணிக்கு எதிரான போட்டியின் இறுதி நிமிடங்களில், பயிற்றுவிப்பாளர் ஹன்சி ஃபிளிக் இவரை மாற்று வீரராகக் களமிறக்கினார். அன்று இவரது வயது 17 ஆண்டுகள் 115 நாட்கள். பேயர்னுக்காக ஜேர்மனியின் முதற்பிரிவு லீக்கான புண்டஸ்லிகாவில் ஆடிய மிக இளைய வீரர் என்ற சாதனையை டென்மார்க் வீரர் பியர்-எமில் ஹொய்பியரிடமிருந்து இவர் பெற்றார். 2022 ஜனவரியில் பவுல் வானர் பதினாறாவது வயதில் ஆடி அதை முறியடித்தார்.

அடுத்த பருவகாலத்தின் முதல் போட்டியிலேயே, 18 செப்டெம்பர் 2020 இல், ஷால்கே அணியைப் பேயர்ன் 8-0 என வென்றது. எட்டாவது கோல் முசியாலாவுடையது. புண்டஸ்லிகாவில் பேயர்னுக்காகக் கோல் பெற்ற மிக இளைய வீரராகவும் அவர் அன்று ஆனார். அதற்கு முன் அந்தப் பெருமை பராகுவேயின் ரொக்கே சாந்தா குரூசிடம் இருந்தது. 23 பெப்ரவரி 2021 இல் ரோம் நகரில் லாட்சியோ அணிக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் போட்டியில் ஆரம்பப் பதினொருவரில் இடம்பெற்று ஒரு கோல் அடித்தார். பேயர்ன் 4-1 என வென்ற அந்தப் போட்டிக்கு மூன்று நாட்களின் பின்னரே இவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியது. மறு மாதம் கழகம் 2026 வரையான ஒப்பந்தத்தில் இவரைக் கைச்சாத்திட வைத்தது.

முதல் அணியில்

ஃபிளிக்கைத் தொடர்ந்து யூலியான் நாகெல்ஸ்மான், தோமஸ் துக்கல், வின்சன்ட் கொம்பனி எனப் பயிற்றுவிப்பாளர்கள் மாறினர். ஒவ்வொருவரும் இவரை வெவ்வேறு இடத்தில் நிறுத்திப் பார்த்தனர். இடதுபக்க ஓரத்தில் ஆடினார். பின்னால் நின்று பந்தை முன்னகர்த்தும் மத்தியகள வீரராகவும் ஆடினார். பிற்பாடு முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் இடமே இவருக்குரியது என்பது உறுதியானது. 2023 இல் ஹரி கேன் பேயர்னுக்கு வந்த பிறகு, கேன் பின்னோக்கி இறங்கிப் பந்தை வாங்குவதும் முசியாலா அவரைக் கடந்து முன்னே ஓடுவதும் அணியின் வழக்கமான தாக்குதல் முறைகளில் ஒன்றாயின.

23 ஏப்ரல் 2022 இல் பொருசியா டொர்ட்மண்டைப் பேயர்ன் 3-1 என வென்று தொடர்ச்சியான பத்தாவது புண்டஸ்லிகாப் பட்டத்தை உறுதிசெய்தபோது, மூன்றாவது கோலை அடித்தவர் முசியாலா. அதற்கடுத்த பருவகாலம் இதைவிடப் பரபரப்பாக முடிந்தது. 27 மே 2023, கடைசி நாள். புள்ளிப் பட்டியலில் டொர்ட்மண்ட் முன்னிலையில் இருந்தது. சொந்த மைதானத்தில் மைன்ஸ் அணியை வென்றால் பட்டம் அதற்கே. கொலோன் நகரில் ஆடிய பேயர்ன் 1-0 என முன்னிலை பெற்று, 81 ஆவது நிமிடத்தில் பெனால்டி ஒன்றைக் கொடுத்துச் சமநிலைக்கு இறங்கியது. மாற்று வீரராக உள்ளே வந்த முசியாலா 89 ஆவது நிமிடத்தில் பெட்டிக்கு வெளியிலிருந்து தாழ்வாக அடித்த பந்து கோலின் மூலைக்குள் சென்றது. மைன்ஸுடன் டொர்ட்மண்ட் 2-2 எனச் சமநிலை கண்டது. இரு கழகங்களுக்கும் 71 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் பட்டம் பேயர்னுக்குப் போனது. அந்தப் பருவகாலத்தில் முசியாலா புண்டஸ்லிகாவில் 12 கோல்கள் பெற்றார்.

2023-24 இல் பயர் லெவர்குசன் ஒரு போட்டியிலும் தோற்காமல் சம்பியனானது. பேயர்ன் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. கொம்பனியின் கீழ் 2024-25 இல் பட்டம் மீண்டும் மியூனிக்குக்கு வந்தது. 2024 ஒக்டோபர் இறுதியில் ஜேர்மன் கிண்ணப் போட்டியில் மைன்ஸுக்கு எதிராக முசியாலா மூன்று கோல்கள் அடித்தார். 2025 பெப்ரவரியில் ஒப்பந்தம் 2030 வரை நீட்டிக்கப்பட்டது. ஆரம்பம் முதல் 42 ஆம் இலக்கச் சீருடை அணிந்துவந்தவர், 2025 இல் லெரோய் சானே கழகத்தை விட்டு நீங்கியதும் 10 ஆம் இலக்கத்துக்கு மாறினார்.

நாட்டைத் தெரிவு செய்தல்

முசியாலா இங்கிலாந்தின் பதினைந்து வயதுக்குட்பட்ட அணியில் தொடங்கி 21 வயதுக்குட்பட்ட அணி வரை ஆடியவர். இடையில் 2018 இல் ஜேர்மனியின் 16 வயதுக்குட்பட்ட அணிக்காக இரு போட்டிகளில் ஆடினார். 2020 நவம்பரில் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்ட அணிக்காக அல்பேனியாவுக்கு எதிராகக் கோலும் பெற்றார். சர்வதேச விதிப்படி இளையோர் அணியில் ஆடியது ஒருவரைக் கட்டிப்போடுவதில்லை. ஆகவே இரு சங்கங்களும் இவரை அழைத்துப் பேசின. ஜேர்மன் பயிற்றுவிப்பாளர் யோவாக்கிம் லேவ் நேரில் சந்தித்து, அணியில் இவருக்கு எந்த இடம் என்பதை விளக்கினார். 24 பெப்ரவரி 2021 இல், லாட்சியோவுக்கு எதிரான கோலின் மறுநாள், ஜேர்மனிக்கு ஆடப்போவதாக முசியாலா அறிவித்தார். இரு நாடுகளும் தன் மனத்துக்கு நெருக்கமானவை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஒரு மாதத்தில், 25 மார்ச் 2021 இல், டுயிஸ்பேர்க்கில் ஐஸ்லாந்துக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் மாற்று வீரராக அறிமுகமானார். ஜேர்மனி 3-0 என வென்றது.

பெருந்தொடர்கள்

கொரோனாவினால் ஓராண்டு தள்ளிப்போன 2020 யூரோ கிண்ணத்தில், 23 ஜூன் 2021 இல் ஹங்கேரிக்கு எதிராக ஜேர்மனி 1-2 எனப் பின்தங்கித் தொடரிலிருந்து வெளியேறும் நிலையில் இருந்தது. எட்டு நிமிடங்களே மீதமிருக்க முசியாலா உள்ளே வந்தார். 18 வயது 117 நாட்களில், பெருந்தொடர் ஒன்றில் ஜேர்மனிக்கு ஆடிய மிக இளைய வீரர் ஆனார். சற்று நேரத்தில் இடதுபக்கத்தில் இவர் தொடங்கிய நகர்வு, லியோன் கொரெட்ஸ்காவின் கோலில் முடிந்து 2-2 என்ற சமநிலையைத் தந்தது. அடுத்த சுற்றில் வெம்ப்ளியில் எதிர்கொண்டது இங்கிலாந்தை. ஜேர்மனி 0-2 எனத் தோற்ற அந்தப் போட்டியில் இவருக்கு இறுதிக் கணங்கள் மட்டுமே கிடைத்தன. தேசிய அணிக்கான முதல் கோல் 11 ஒக்டோபர் 2021 இல் வட மக்கெடோனியாவுக்கு எதிராக வந்தது.

2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் மூன்று குழுநிலைப் போட்டிகளிலும் ஆரம்பப் பதினொருவரில் ஆடினார். ஜப்பானிடம் 1-2 எனத் தோற்றதே ஜேர்மனிக்கு வினையானது. ஸ்பெயினுடன் 1-1 எனச் சமநிலை கண்டு, கொஸ்தாரிக்காவை 4-2 என வென்றும் குழுநிலையோடு வெளியேறியது.

2024 யூரோ கிண்ணம் ஜேர்மனி மண்ணில் நடந்தது. தேசிய அணிக்கும் நாகெல்ஸ்மானே பயிற்றுவிப்பாளராக இருந்தார். ஸ்கொட்லாந்தை 5-1 என வென்ற தொடக்கப் போட்டியில் முதல் கோலை ஃபுளோரியன் விர்ட்ஸும் இரண்டாவதை முசியாலாவும் அடித்தனர். விர்ட்ஸும் இதே 2003 இல் பிறந்தவர். இருவரையும் ஒரே அணியில் பொருத்துவது எப்படி என்பதே அக்காலத்தில் ஜேர்மன் உதைபந்தாட்டத்தின் பெரிய பேச்சு. ஹங்கேரிக்கும் டென்மார்க்குக்கும் எதிராகவும் முசியாலா கோல் பெற்றார். கால் இறுதியில், முசியாலா பிறந்த ஸ்டுட்கார்ட்டிலேயே, மேலதிக நேரத்தில் ஸ்பெயினிடம் 1-2 என ஜேர்மனி தோற்றது. மூன்று கோல்கள் பெற்ற ஆறு வீரர்களில் ஒருவராக, அதிக கோல் பெற்றோருக்கான முதலிடத்தை முசியாலா பகிர்ந்துகொண்டார்.

23 மார்ச் 2025 இல் டொர்ட்மண்டில் நடந்த நேஷன்ஸ் லீக் கால் இறுதியில் இத்தாலிக்கு எதிராக இவர் அடித்த கோல் பலரும் நினைவில் வைத்திருப்பது. இத்தாலியக் கோல் காப்பாளர் ஜியான்லூயிஜி டொன்னரும்மா இடத்தை விட்டு வெளியே வந்து சக வீரர்களுடன் வாதித்துக்கொண்டிருந்தார். யோசுவா கிம்மிக் மூலை உதையை உடனே எடுக்க, காப்பாளரில்லாத கோலுக்குள் முசியாலா பந்தைத் தட்டிவிட்டார். போட்டி 3-3 என முடிந்தது. இரு போட்டிகளின் மொத்தத்தில் ஜேர்மனி முன்னேறியது.

காயங்கள்

2025 ஏப்ரலில் அவுக்ஸ்பேர்க்கில் ஆடும்போது தொடையின் பின்தசை கிழிந்ததால், பருவகாலத்தின் முக்கிய வாரங்களை இழந்தார். ஜூனில் அமெரிக்காவில் நடந்த கழக உலகக் கிண்ணத்தில் மீண்டு வந்து, ஒக்லண்ட் சிட்டியைப் பேயர்ன் 10-0 என வென்ற போட்டியில் மாற்று வீரராக மூன்று கோல்கள் அடித்தார். ஜூலை 5 இல் அட்லாண்டாவில் பரிஸ் சென் ஜெர்மனுக்கு எதிரான கால் இறுதியில், முதற்பாதியின் இறுதியில், பந்தைப் பிடிக்கப் பாய்ந்த டொன்னரும்மாவுடன் மோதினார். இடது கணுக்கால் விலகி, முழங்காலுக்குக் கீழுள்ள சிறிய எலும்பும் முறிந்தது. சத்திரசிகிச்சையின் பின் அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அவர் ஆடவில்லை. நவம்பரில் சிலோவாக்கியாவை 6-0 என வென்று 2026 உலகக் கிண்ணத்துக்கு ஜேர்மனி தகுதிபெற்றது அவர் இல்லாமலே.

ஆட்டப் பாணி

முசியாலாவின் பலம் ஓட்ட வேகத்தைவிட, குறுகிய இடத்தில் பந்தைக் காத்துத் திரும்புவதில் இருக்கிறது. மூன்று நான்கு எதிரணியினர் சூழ்ந்திருக்கையில், சிறு சிறு தொடுகைகளால் உடலை ஒருபுறம் காட்டி மறுபுறம் நழுவுவார். மெலிந்த நீண்ட கால்களும் திடீர்த் திருப்பங்களும் கொண்ட இந்த ஆட்டத்தைப் பார்த்து, கதையில் வரும் மான்குட்டியின் பெயரான 'பாம்பி' என்று சானே செல்லமாக அழைத்தார். தெருவிலும் சிறு மைதானங்களிலும் ஆடிப் பழகிய இங்கிலாந்துக் காலமும், இடம் பார்த்து நிற்பதையும் அணியாக அழுத்தம் கொடுப்பதையும் வற்புறுத்தும் ஜேர்மன் பயிற்சியும் இவரிடம் ஒன்றுசேர்ந்தன. பந்தை இழந்ததும் அதைத் திரும்பப் பறிக்கப் பின்தொடர்ந்து ஓடுவதும் இவரது இயல்பு.

தகுதி விதியும் இலங்கையும்

பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த நாடு ஒன்று என்ற நிலை இன்று இலங்கை அணிக்கும் புதிதல்ல. உலக உதைபந்தாட்டச் சங்கத்தின் விதிப்படி, ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவருடைய பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிமாரில் ஒருவரோ அந்நாட்டில் பிறந்திருந்தால் அவர் அந்த அணிக்கு ஆடலாம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பிறந்த ஒருவரின் பேரப்பிள்ளை ஜேர்மனியில் பிறந்து வளர்ந்திருந்தாலும், இலங்கைக் குடியுரிமை பெற்றால் இலங்கைக்கு ஆடத் தகுதி உண்டு.

ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக், 2021 ஜூனில் லெபனானுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் இலங்கைக்காக இரு கோல்கள் அடித்தார். இலங்கை 2-3 எனத் தோற்றது. பின்கள வீரர் குளோடியோ கம்மர்க்னெக்டும் ஜேர்மனியிலிருந்து வந்து இலங்கைக்கு ஆடுபவரே. மறுபுறத்தில், வேல்ஸில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மத்தியகள வீரர் விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தில் தொழில்முறை வீரராகி, வேல்ஸ் இளையோர் அணிகளில் ஆடினார்.

முசியாலாவை அழைத்த இரு சங்கங்களிடமும் அக்கடமிகளும் அரங்குகளும் நிறைந்திருந்தன. அவர் எதைத் தெரிவு செய்திருந்தாலும் உலகக் கிண்ண மேடை கிடைத்திருக்கும். இலங்கைச் சங்கம் 2023 இல் வெளியார் தலையீடு காரணமாக ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை உலக அமைப்பால் இடைநிறுத்தப்பட்டிருந்தது; அந்த மாதங்களில் தேசிய அணி சர்வதேசப் போட்டி எதிலும் ஆட முடியவில்லை. விதி இரு தரப்புக்கும் ஒன்றே. ஆனால் இளம் வீரர் ஒருவர் நாட்டைத் தெரிவு செய்யும்போது, அங்கு தனக்கு ஒழுங்காக ஆடக் கிடைக்குமா என்பதையும் பார்க்கிறார். லேவ் முசியாலாவிடம் நேரில் பேசியதும் அதைப் பற்றித்தான்.