இரத்தக் குழாயின் கதவுகள்



திடலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் மாணவனிடம் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என நான்கு அடையாளங்களைக் காண்கிறோம். இந்நான்கையும் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமானியரான செல்சஸ் தம் மருத்துவ நூலில் குறித்துவைத்தார். மருத்துவர்கள் இதனை அழற்சி என்பர். ஆனால், வீக்கத்திலுள்ள நீர் இரத்தக் குழாயிலிருந்து எவ்வழியே வெளியேறுகிறது என்பது 1961 வரை எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. டிங்கிக் காய்ச்சலோடு வாழும் நமக்கு அவ்வரலாறு தொலைவானதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெர்லின் நகரின் ருடால்ஃப் விர்ஹோ மருத்துவ உலகின் பேராசானாக விளங்கினார். சீழில் உள்ள அணுக்கள் அடிபட்ட இடத்துத் திசுவிலேயே பெருகியவை என்பது அவர் கொள்கை. அவரிடமே உதவியாளராக இருந்த யூலியஸ் கோன்ஹைம், 1867இல் அக்கொள்கையை அசைத்தார். தவளையொன்றை அசைவற்றதாக்கி, அதன் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வைக் கண்ணாடிமேல் விரித்து, நுண்ணோக்கியின் கீழ்ப் பல மணி நேரம் பார்த்திருந்தார். குழாய்கள் விரிந்தன, இரத்த ஓட்டம் தளர்ந்தது, வெள்ளணுக்கள் சிறு சிரைகளின் உட்சுவரை ஒட்டி வரிசையாய் நின்றன. பின்னர் ஒவ்வொன்றாகச் சுவரை ஊடுருவி வெளியே வந்தன. லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1846இலேயே இக்காட்சியைக் கண்டு எழுதியிருந்தும், அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே.

ஆசிரியரின் கூடத்திலேயே அமர்ந்து ஆசிரியரின் கூற்றை மறுத்த அந்தத் துணிவை வகுப்பறையில் சொல்லத் தகும் என்பது என் எண்ணம்.

இரத்தக் குழாயின் உட்புறத்தை ஓடு பதித்தாற்போல் ஒற்றை அடுக்காய் மூடியிருக்கும் உயிரணுக்களுக்கு வில்ஹெல்ம் ஹிஸ் 1865இல் எண்டோதீலியம் எனப் பெயர் சூட்டியிருந்தார். அழற்சியில் குழாயின் சுவரே மாறுதலடைந்து கசிகிறது எனக் கோன்ஹைம் முடிவு கட்டினார். எனினும், என்ன மாறுதல் என்பதைக் காட்டும் ஆற்றல் அவர் காலத்து நுண்ணோக்கிக்கு இல்லை.

விடை நியூயார்க்கின் ராக்பெல்லர் கழகத்திலிருந்து வந்தது. குய்டோ மஜ்னோவும் ஜார்ஜ் பலாடேயும் எலிகளின் நாளத்தில் கருநிற நுண்துகள்களைச் செலுத்தி, ஓரிடத்தில் மட்டும் ஹிஸ்டமின் மருந்தைப் புகுத்தினர். காயம்பட்ட திசு தானே வெளியிடும் பொருள்தான் ஹிஸ்டமின். பிறகு கசிவிடத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். அடுத்தடுத்த இரு உயிரணுக்களுக்கிடையே சிறு இடைவெளிகள் திறந்திருந்தன. அவற்றின் வாயிலில் துகள்கள் குவிந்து கிடந்தன. மிக மெல்லிய தந்துகிகளில்தான் கசிவு இருக்கும் என நாம் கருதுவோம். அங்கன்று, அவற்றை அடுத்துள்ள நுண்சிரைகளிலேயே இடைவெளிகள் தோன்றியிருந்தன. இச்செய்தி வெளிவந்த ஆண்டே 1961. உயிரணுக்கள் தாமே சுருங்கி வழிவிடுகின்றன என்பதை 1969இல் மஜ்னோவும் உடன் ஆய்ந்தோரும் எடுத்துரைத்தனர். ஆக, சுவர் கிழிவதில்லை. திறக்கிறது, வேலை முடிந்ததும் மூடிக்கொள்கிறது.

அடுத்துள்ள உயிரணுக்களைக் கொக்கிபோல் பிணைக்கும் கேடரின் என்னும் புரதம் 1990களில் விளக்கம் பெற்றது. ஹிஸ்டமின் பட்டதும் உயிரணுவினுள் கால்சியம் உயர்கிறது, உள்ளிழைகள் இழுபடுகின்றன, கொக்கிகள் நெகிழ்கின்றன.

முழங்காலில் இக்கதவுகள் திறப்பது நன்மைக்கே; கிருமியை எதிர்க்கும் பொருள்கள் அவ்வழியே சென்று சேர்கின்றன. உடலெங்கும் சுவர் கசியத் தொடங்கினால் நிலைமை வேறு. கடுமையான டிங்கியில் நிகழ்வது அதுவே. அதன் இரத்தக்கசிவு வடிவம் நம் நாட்டில் 1962இல் பினாங்கில் அறியப்பட்டது. டிங்கிக் கிருமியின் என்.எஸ்.1 புரதமே குழாய்ச் சுவரைக் கசியச் செய்ய வல்லது என்பதை 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

பெற்றோர் இங்குக் கூர்ந்து நோக்க வேண்டும். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே தொடங்குகிறது. பிள்ளைக்கு உடல் குளிர்ந்துவிட்டது என்று நாம் நிம்மதியுறும் நாள் அது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பின்னர்ச் சுவர் மூடிக்கொள்ள, கசிந்த நீர் மீண்டும் இரத்தத்திற்குத் திரும்புகிறது. அதனால்தான் அந்நேரத்தில் மருத்துவர்கள் நாளவழி ஏற்றும் நீரைக் குறைத்துவிடுகின்றனர். குறைக்காவிடில் அந்நீர் நுரையீரலில் தேங்கிவிடும்.