வெயில் படாமல் ஒரு நிறம்

காட்டாங்குளத்தூரிலிருந்து பேசுறேன். இந்த எபிசோட் ஒரு நிறத்தோட வரலாறு.

நம்ம ஏரியா பியூட்டி பார்லர் போர்டுகளைப் பாருங்க. 'டேன் ரிமூவல்'னுதான் இருக்கும். வெயில்ல கறுத்ததைப் போக்கத்தான் இங்கே காசு கொடுப்பாங்க. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1920-களிலிருந்து கதையே தலைகீழ். வயலில் வேலை பார்த்தவர்கள் தொழிற்சாலைக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் போன பிறகு, கடற்கரையில் படுத்துக் கிடக்க நேரம் இருப்பதே வசதியின் அடையாளம் ஆச்சு. பழுப்புத் தோல் ஃபேஷன் ஆச்சு. அதற்கு ஒரு விலையும் இருந்தது. புற ஊதாக் கதிர் தோல் செல்களின் டிஎன்ஏ-வைக் கெடுக்கும். 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புற ஊதா விளக்குகள் பொருத்திய டேனிங் படுக்கைகளை, புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது.

சரி, வெயிலே படாமல் அந்த நிறம் வருமா? வரும். அதைக் கண்டுபிடிச்சது அழகு சாதனக் கம்பெனி இல்லை, குழந்தைகள் ஆஸ்பத்திரி.

1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், உடம்பில் சர்க்கரையைச் சேமிக்கும் முறையில் பிறவியிலேயே கோளாறு உள்ள குழந்தைகளுக்கு டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற பொருளைக் குடிக்கக் கொடுத்துப் பரிசோதித்தார். சுருக்கமா டிஹெச்ஏ. மூணு கார்பன் அணு கொண்ட எளிய சர்க்கரை அது. குழந்தைகள் துப்பியது தோலில் பட்ட இடமெல்லாம் சில மணி நேரத்தில் பழுப்பானது. துணியில் கறை இல்லை. அவர் அதைத் தன் தோலிலேயே தடவிப் பார்த்தார், அங்கும் அதே நிறம். 1960-ல் அமெரிக்காவில் இதே பொருளை வைத்து காப்பர்டோன் கம்பெனியின் லோஷன் கடைக்கு வந்தது. 1970-களில் அந்த நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்பூச்சாகப் பயன்படுத்த நிரந்தர அனுமதி கொடுத்தது.

இது பெயின்ட் மாதிரி மேலே ஒட்டிக்கிற சாயம் இல்லை. தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அதிலுள்ள அமினோ அமிலங்களோடு டிஹெச்ஏ வினைபுரிந்து பழுப்பாகிறது. தோசைக்கல்லில் மாவு முறுகும்போது நடக்கிற வினையின் உறவுக்கார வினைதான் இது. 1912-ல் அதை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி மெய்யார் பெயரில்தான் அழைக்கிறோம். இறந்த செல்கள் தானாக உதிர்வதால், அஞ்சிலிருந்து ஏழு நாளில் நிறமும் போயிடும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க விஷயம், நமக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். தோலில் நிறமே இல்லாமல் போன இடத்துக்கு நிறம் வேண்டியவர்கள் இங்கே நிறைய பேர் இருக்காங்க. வெண்புள்ளி உள்ளவர்கள். நிறம் தரும் செல்களை உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழிப்பதால் வருவது வெண்புள்ளி. உலக மக்களில் 0.5 முதல் 2 சதவீதம் பேருக்கு உண்டு. தொற்றாது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கல்யாணம் செய்தால் ஒட்டாது. ஆனாலும் பெண் பார்க்க வருகிற வீட்டில் முழுக்கை ரவிக்கை போட்டு மறைக்க வேண்டிய நிலை. காரணம், ஒரு சொல்.

நம்ம ரயில் பாதையிலேயே அந்தச் சொல்லோட வரலாறு இருக்கு. காட்டாங்குளத்தூரிலிருந்து தெற்கே போனால் செங்கல்பட்டு. அதை ஒட்டிய திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்க்கான பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. தோலில் வெளிர் திட்டு வரும், அந்த இடத்தில் உணர்ச்சி குறையும். இன்று மருந்தால் முழுசா குணமாகும். வெண்புள்ளியில் உணர்ச்சி போகாது, கிருமியும் இல்லை. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாதபோதும் இதற்கு நாம வச்ச பேர் 'வெண்குஷ்டம்'. தொழுநோயாளிகள் மேல் இருந்த அநியாயமான பயம் மொத்தமும் அந்தப் பேர் வழியா இவங்க மேலேயும் இறங்கிச்சு.

வடக்கே போனால் தாம்பரம். அங்கிருந்து இயங்கும் வெண்புள்ளி விழிப்புணர்வு இயக்கம் இந்தப் பேரை மாற்றக் கேட்டது. 2010-ல் தமிழ்நாடு அரசு 'வெண்குஷ்டம்' என்ற சொல்லைக் கைவிட்டு 'வெண்புள்ளிகள்' என்று சொல்லும்படி ஆணையிட்டது. ஒரு சாஃப்ட்வேர் ஆளா சொல்றேன், வேரியபிளுக்குத் தப்பான பேர் வச்சா அடுத்து எழுதுறவன் எல்லாத்தையும் தப்பாவே எழுதுவான். இங்கே அந்தத் தப்பைச் சுமந்தது மனுஷங்க.

நிறத்தைத் திரும்பக் கொண்டுவர நம்ம மருத்துவ மரபிலும் வழி தேடியிருக்காங்க. கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது பழைய முறை. அதிலுள்ள சோராலென் தோலை ஒளிக்குக் கூசச் செய்யும். 1970-களில் வந்த 'பூவா' சிகிச்சைக்கும் இந்தப் பொருள்தான் அடிப்படை. சிலருக்கு உண்மையான நிறமே திரும்பும். அளவு தவறினால் தோல் வெந்துபோகும். அதனால டாக்டர் இல்லாமல் முயற்சி பண்ணாதீங்க.

டிஹெச்ஏ நோயைக் குணப்படுத்தாது, மறைக்க மட்டும் செய்யும். ஆனா வெயில் தேவையில்லை, வியர்வையிலோ குளிக்கும்போதோ உடனே கரையாது. முதலில் சின்ன இடத்தில் தடவி ஒரு நாள் பாருங்க. திட்டின் மேல் மட்டும் மெல்லியதாகப் பூசி, உடனே கையைக் கழுவணும், இல்லைன்னா உள்ளங்கையும் பழுப்பாயிடும். நிறம் தெரிய சில மணி நேரம் ஆகும், போதலைன்னா இன்னொரு பூச்சு. உதடு, கண் பக்கம் வேண்டாம். ஸ்ப்ரே என்றால் மூச்சில் இழுக்கக் கூடாது. நல்ல கறுப்புத் தோலுக்கு நிறம் அச்சு அசலா பொருந்தாமல் போகலாம். முக்கியமா, இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது. திட்டுகள் சீக்கிரம் வெந்துபோகும், அதனால சன்ஸ்கிரீன் கட்டாயம்.

மறைப்பதா வேண்டாமா என்பது அந்தத் தோலுக்குச் சொந்தக்காரர் முடிவு. இன்டர்வியூவுக்கு ஒரு நாள் பூசிட்டுப் போறதும் சரி, அரைக்கை சட்டையில் அப்படியே போறதும் சரி. நம்ம பங்கு ஒண்ணுதான். அடுத்த தடவை வீட்டுல யாராவது அந்தப் பழைய பேரைச் சொன்னா, "அது வெண்புள்ளி, பாட்டி. ஒட்டாது"ன்னு சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.