லாங்லியின் மாதிரி விமானங்கள்

மாதிரி விமானம் செய்ய முற்படுவோரை இரண்டு கேள்விகள் எதிர்நோக்கும். எத்தகைய எஞ்சினைப் பூட்டுவது? அதனை எவ்விடத்தில் வைத்தால் விமானம் சமநிலையில் நிற்கும்? இக்கேள்விகளுடன் பல்லாண்டு போராடிய ஒருவரின் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன். அவர்தாம் வாஷிங்டன் நகரிலே ஸ்மித்சோனியன் நிலையத்தின் செயலாளராக விளங்கிய சாமுவேல் லாங்லி என்னும் வானியல் அறிஞர்.

முதலில் இறப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கும் சிறு மாதிரிகளை அவர் செய்தார். முறுக்கு அவிழ்ந்ததும் மாதிரி வீழ்ந்துவிடும். சில விநாடிப் பறப்பிலிருந்து அறியக்கூடியது சொற்பமே. ஆகவே நீராவி எஞ்சினை நாடினார். ஆனால் கொதிகலனும் நீரும் எரிபொருளும் சேர்ந்தபோது நிறை மிகுந்தது. நிறையைக் குறைத்தாலோ, சட்டகம் நலிந்து, காற்றின் அழுத்தத்தில் இறக்கைகள் முறுக்குண்டன. ஒரு குறையை நீக்க மற்றொரு குறை தலைகாட்டும் இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

சமநிலைப் பிரச்சினை இதனினும் நுட்பமானது. விமானத்தின் நிறை முழுவதும் ஒரு புள்ளியிலே தொழிற்படுவதாகக் கொள்ளலாம். இறக்கைகளைக் காற்று தாங்குவதும் அவ்வாறே ஒரு புள்ளியில் எனக் கொள்ளலாம். இவ்விரண்டும் தக்கவாறு பொருந்தாவிடின் மூக்குத் தாழும், அன்றேல் வால் தாழும். இன்று மாதிரி விமானத்தைத் தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் திருத்திச் செலுத்தலாம். அமெரிக்காவில் குட் சகோதரர்கள் 1937 ஆம் ஆண்டில் அவ்வாறு செய்தனர். லாங்லிக்கு அவ்வசதி கிடையாது. கைவிட்ட கணத்திலிருந்து மாதிரி தன்னைத்தானே காத்துக்கொள்ளல் வேண்டும்.

1896 மே 6 ஆந் திகதி, பொட்டோமாக் நதியில் நின்ற படகு வீடொன்றின் கூரையிலிருந்து அவருடைய ஐந்தாம் இலக்க மாதிரி ஏவப்பட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு சோடி இறக்கைகள். நிறை ஏறத்தாழ 25 இறாத்தல். எஞ்சினின் ஆற்றல் ஏறக்குறைய ஒரு பரிவலு. அது வட்டமிட்டு 3,300 அடி வரை பறந்து, மெல்ல நீரில் இறங்கியது. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் அருகிருந்து அக்காட்சியைப் படம் பிடித்தார்.

இத்துடன் அவர் நிறுத்தியிருக்கலாம். எனினும் 1898 இல் அமெரிக்க யுத்தத் திணைக்களம் 50,000 டொலர் வழங்க, மனிதனைத் தாங்கும் விமானத்தைச் செய்யத் துணிந்தார். அதற்கு முன்னோடியாக நாலிலொரு பங்கு அளவில் அமைத்த பெற்றோல் மாதிரி 1901 இலும் 1903 இலும் பறந்தது. பெரிய விமானத்துக்கு அவருடைய துணைவர் சார்ள்ஸ் மான்லி 52 பரிவலு எஞ்சினை ஆக்கினார். நீரும் மின்கலங்களும் சேர அதன் நிறை 207 இறாத்தலே. அக்காலத்தில் அது ஓர் அற்புதம்.

ஆயினும் எஞ்சின் மட்டும் போதுமா? ஒரு பொருளை எப்பக்கமும் நான்கு மடங்காக்கினால் பரப்பு 16 மடங்காகும். அதே பொருளால் அமைந்த உடலின் நிறையோ 64 மடங்காகும். மாதிரிக்குப் போதிய உறுதி, பெரியதற்குப் போதாது. 1903 ஒக்டோபர் 7 ஆந் திகதி விமானம் நேரே நதியில் வீழ்ந்தது. டிசம்பர் 8 ஆந் திகதி மீண்டும் ஏவியபோது பின்புறம் முறிந்தது. குளிர்ந்த நீரில் மூழ்கிய மான்லி அரிதில் உயிர் தப்பினார். ஏவுகருவியே பழுதென லாங்லி கூறினார். சட்டகத்தின் நலிவே பெருங் காரணமென்பது என் கருத்து.

ஒன்பது நாட்களின் பின் ரைட் சகோதரர்கள் வெறும் 12 பரிவலு எஞ்சினுடன் பறந்தனர். சமநிலை தானாகவே அமையுமென அவர்கள் காத்திருக்கவில்லை; அதனைக் காக்கும் பொறுப்பைச் செலுத்துபவனின் கையில் ஒப்படைத்திருந்தனர். லாங்லி 1906 இல் காலமானார். அவருடைய ஐந்தாம் இலக்க மாதிரி ஸ்மித்சோனியன் நிலையத்தில் பேணப்பட்டு வருகின்றது.