நூலுக்கு வைத்த ஜன்னல்

ஒரு கட்டிடத்தைக் கட்டியவர்கள் யாரை மனத்தில் வைத்துக் கட்டினார்கள் என்பதை அதன் ஜன்னல்களே சொல்லிவிடும் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து லோவல் நகரிலுள்ள பூட் மில்லைப் பற்றிப் படித்தபோது அது உறுதிப்பட்டது. 1835-இல் தொடங்கிய பருத்தி ஆலை அது. 1950-களின் நடுவில் ஓட்டம் நின்றது. இப்போது ஒரு பகுதி பொருட்காட்சிசாலை. இன்னொரு பகுதியில் குடும்பங்கள் வசிக்கின்றன.

உயரமான ஜன்னல், பருத்த மர உத்திரம், தடுப்பில்லாத விசாலமான கூடம் - இத்தகைய வீடுகளில் மனத்தைக் கவர்பவை இவை மூன்றுந்தான். ஆனால் இவற்றில் ஒன்றேனும் மனிதனின் சுகத்துக்காக ஏற்பட்டதன்று. மின்விளக்கு இல்லாத காலம். சூரிய வெளிச்சம் கூடத்தின் நடுவரை எட்டவேண்டும். ஆகவே அகலத்தைக் குறைத்து, நீளத்தைக் கூட்டி, வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். பஞ்சும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் நெருப்புப் பயம் ஓயாது. பருத்த மரம் வெளிப்புறம் கருகினாலும் வெகுநேரம் பாரம் தாங்கும் என்பதை அந்தப் பக்கத்து ஆலைக்காரர்கள் அநுபவத்தில் கண்டார்கள். மாடிப்படிகளைக்கூட வெளியே கோபுரம்போல் கட்டித் தள்ளி வைத்தார்கள். உள்ளே முழுத் தளமும் யந்திரத்துக்கு! மெரிமாக் ஆறு ஏறத்தாழ 32 அடி இறங்கும் இடத்தில் கால்வாய் வெட்டி, அந்த நீரின் வேகத்தைத் தோல் பட்டைகளின் வழியே மாடிதோறும் ஏற்றினார்கள்.

இவ்வளவு ஜன்னல் வைத்தவர்கள் அவற்றைத் திறக்க விடவில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுந்துபோகும். கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள், பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு, வாரத்துக்குச் சுமார் 73 மணி நேரம் அங்கே உழைத்தார்கள். அவர்கள் கையில் வந்த பஞ்சோ, தென் மாகாணங்களில் அடிமைகள் பறித்தது. ஒருவர் துயரத்தை இன்னொருவர் துயரம் நூலாக நூற்றது என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனாலும் அந்தப் பெண்கள் வாய் மூடி இருந்துவிடவில்லை. 1836-இல், தங்கும் விடுதிக் கட்டணச் சுமை ஏறியபோது வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். தன் கூடத்தில் முதலில் வெளியே நடந்தவள் ஹாரியட் ஹான்ஸன் என்ற 11 வயதுச் சிறுமி. அதன் பலனாக, விடுதி நடத்திவந்த அவளுடைய விதவைத் தாய்க்கு வேலை போயிற்று. 1840 முதல் 1845 வரை இந்தப் பெண்களே எழுதி ஒரு பத்திரிகையும் வந்தது. 1842-இல் அவ்வூருக்கு வந்த சார்ல்ஸ் டிக்கன்ஸ் அதைப் படித்துப் பாராட்டினார்.

அவ்வூர் ஆலை ஒன்றில் சிறுவயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவள் லூசி லார்க்கம்; பிற்காலத்தில் கவி என்று பெயர் பெற்றவள். ஆலைக்குள் புத்தகம் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அவளோ பத்திரிகைகளில் வந்த கவிதைகளைக் கத்தரித்து, தன் ஜன்னலோரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டாள். யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், கிடைத்த நேரத்தில் இவள் படித்துக்கொண்டிருப்பாள்.

பழைய ஆலைகளை இடிக்காமல் வீடாக்கியது நல்ல காரியமே. செங்கல்லாவது மிஞ்சுகிறது. ஆனால் ஆலையை வீடாக்கும் யோசனை இந்தக் காலத்துக் கட்டிட நிபுணர்களுக்கே முதலில் தோன்றியது என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். நூலுக்கென்று வைத்த ஜன்னலில் தனக்கென்று ஒரு முழம் இடம் பிடித்துக் கவிதை ஒட்டினாளே, அவளுக்கல்லவா அது முதலில் தோன்றியது!