தோட்டத்து இளைஞரின் எழுதுகோல்

பதுளையிலிருந்து பசறை வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருவீதியில், பிபிலைக்கு முன்னர் அமைந்த சிற்றூர் லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. தேயிலையும் றப்பரும் விளையும் இம்மலைச்சாரல்களைப் பற்றி அரசாங்கப் பதிவேடுகள் கூறுவன பெரும்பாலும் இறாத்தல் கணக்குகளே. எத்தனை இறாத்தல் கொழுந்து, எத்தனை பேர், எத்தனை நாட் சம்பளம் என்பவை அவற்றிலே உண்டு. அக்கொழுந்தைப் பறித்தவர் என்ன எண்ணினார், எதற்காக அழுதார் என்னும் செய்தி அவற்றில் இல்லை. அந்தக் குறையை நிரப்பியது மலையகத்து இலக்கியம். அதனை ஆக்கியோருட் பலர், எழுதத் தொடங்கிய காலத்தில், முப்பது வயதைத் தாண்டாத இளைஞர்.

இவ்விலக்கியத்தின் வேர் வாய்மொழிப் பாடலில் உள்ளது. கப்பலேறி வந்த துயரமும், கங்காணியின் கொடுமையும், பேர் போடாத நாளின் பசியும் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் லயங்களிலே ஒலித்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கமும் பத்திரிகையும் கொண்டு தோட்டத் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார், மக்கள் அறிந்த மெட்டுகளிலேயே அரசியற் பாடல்களை இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறியாத மக்களுக்குப் பாட்டே பத்திரிகையாயிற்று.

ஊவாவின் பங்கும் சிறிதன்று. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் எழுந்த வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தமக்கெனத் தேர்ந்தெடுத்த சபையொன்றை நிறுவினர். தோட்டத்துரை அச்சபையோடு கலந்து நடக்க இசைந்தார். தலை நிமிர்ந்து பேசவும் தம்மவரால் இயலும் என்பதை அச்சம்பவம் காட்டியது.

ஆயினும் எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமைத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அவ்வெழுவரின் இடங்கள் வெறுமையாயின. வாக்குச்சீட்டு பறிக்கப்பட்ட மக்களுக்கு எஞ்சிய குரல் எது? எழுதுகோல் ஒன்றே.

அவ்வெழுவருள் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாகப் பாடி உலகின் செவிக்கு எட்டச் செய்தார். அது சக்தீ அ. பாலையாவின் தமிழாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' என வெளிவந்தது. அவரைத் தொடர்ந்து 1960களில் எழுந்தது ஓர் இளைய தலைமுறை. வானொலி நாடகங்களாலும் நேயர்களுக்கு அறிமுகமான என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையை எழுதினார். கவிஞர் பலரின் படைப்புகளைத் திரட்டி ஈழக்குமார் 1965இல் 'குறிஞ்சிப்பூ' தொகுதியை வெளியிட்டார். வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளிற் பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலாயின.

இத்தலைமுறைக்கு ஊவா அளித்த பெருங்கொடை தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த அவர், தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூட்டிக்கொண்டார். அவருடைய 'மீன்கள்' என்னும் கதை, ஒரே காம்பராவில் நெருங்கி வாழவேண்டிய குடும்பத்தின் மானப் பிரச்சினையைப் பேசுகின்றது. கூலி உயர்வைப் பற்றி எத்தனையோ மேடைகள் முழங்கியதுண்டு. ஒரு சுவர் இல்லாமையால் ஒரு குடும்பம் படும் வேதனையைக் காட்டியது அந்தக் கதை. துரைமாரை மட்டுமன்றி, தம்மவரிடையே உள்ள கணக்கப்பிள்ளை, கங்காணிமாரின் குறைகளையும் அவர் மறைக்காது எழுதினார். இவ்வகை எழுத்தைப் 'பிரசாரம்' என ஒதுக்கியோருக்கு இதைவிடச் சிறந்த விடை வேண்டுமோ? பிரசாரகன் தன் பக்கத்துக் குறையைச் சொல்லமாட்டான், கலைஞன் சொல்லுவான்.

இதே வழியில் நடந்த இன்னோர் இளைஞர் கூட்டத்தை அமெரிக்காவிற் காணலாம். பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோரின் வழிவந்த கறுப்பின இளைஞர்கள், 1926இல் நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 'நெருப்பு' எனப் பொருள்படும் பெயருடன் ஓர் இதழை வெளியிட்டனர். லாங்ஸ்டன் ஹியூஸ், சோரா நீல் ஹர்ஸ்டன் ஆகியோர் அதில் எழுதினர். பிறர் மெச்சுவதற்காகத் தம் இனத்தை அழகுபடுத்திக் காட்டவும் அவர்கள் உடன்படவில்லை. அஞ்சி மறைக்கவும் உடன்படவில்லை. அவ்விதழ் ஒரேயொரு முறைதான் வந்தது. விற்காது எஞ்சிய பிரதிகளும் தீயிற் கருகின. எனினும் இன்று அதனைப் பேசாத அமெரிக்க இலக்கிய வரலாறு இல்லை. 'குறிஞ்சிப்பூ' மலர்ந்த அதே 1965ஆம் ஆண்டில், அதே ஹார்லெமில், அமிரி பராக்கா எனப் பின்னர் பெயர் கொண்ட கவிஞர் கறுப்பினக் கலைகளுக்கென நாடக அரங்கமும் பள்ளியும் தொடங்கினார். இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறிந்திலர். ஆயினும், இழிசொல்லால் அழைக்கப்பட்டவன் தன் பெயரைத் தானே எழுதத் துணிவதே இருவர்தம் இலக்கியத்துக்கும் பிறப்பிடமாயிற்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அந்த எண்களுக்குள் பிரிந்த அண்ணன் தம்பியரையும், விற்கப்பட்ட பண்ட பாத்திரங்களையும், புகையிரத நிலையத்து அழுகையையும் ஒப்பந்தம் அறியாது. கதையும் கவிதையும் அறியும். நாடற்ற நிலைக்குச் சட்டம் முற்றாக முடிவு காண 2003ஆம் ஆண்டு வரை ஆயிற்று. தெளிவத்தை ஜோசப் 2022இல் மறைந்தார்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிலேதான். அதற்கு முன்னரே, அரைகுறைக் கல்வியோடும் மங்கிய விளக்கொளியோடும் எழுதியவர்கள் இவர்கள். அவர்களது நூல்களிற் பல இன்று எளிதிற் கிட்டுவதில்லை. ஹார்லெம் இதழின் பிரதிகளைத் தீ விழுங்கியது; நம் நூல்களைக் கறையானும் மறதியும் விழுங்குகின்றன. லுணுகலையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் உள்ள ஒவ்வொரு பள்ளி நூலகமும் இவற்றுள் பத்து நூல்களையேனும் தேடி வைத்துக் காக்குமாயின், தம் பாட்டன் பாட்டியர் இறாத்தற் கணக்கிற்கு அப்பாலும் வாழ்ந்தவர் என்பதை அங்குப் பயிலும் பிள்ளைகள் அறிவர். அடுத்த எழுதுகோல் எழுவதும் அவ்வறிவிலிருந்தே.